ஓஐ என்ற சின்னக் கட்டளையும் கொருக்குப்பேட்டை கேட்டும்

கொருக்குப்பேட்டையில் கேட் போட்டுவிட்டால் எப்போது திறப்பார்கள் என்று சொல்ல முடியாது. ஒரு சரக்கு ரயில் போய் முடிந்தது என்று வண்டியை ஸ்டார்ட் செய்தால், எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொன்று வந்துகொண்டிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படி நின்றுகொண்டிருந்தபோதுதான் பின்சீட்டிலிருந்த தம்பி அந்தக் கேள்வியைக் கேட்டான். தண்டையார்பேட்டைப் பையன். மெயின்ஃப்ரேம் (பெரிய நிறுவனங்களின் மையக் கணினி) வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. வாரநாளில் மெட்ரோவும் பஸ்ஸும் மாறி ஓஎம்ஆர் போய் வருவான். ஞாயிறு என்றால் என்னிடம் அசெம்பிளர், அதாவது இயந்திரத்தின் கட்டளைகளையே ஒவ்வொன்றாக எழுதும் மொழி, படிக்க வருவான்.

"அண்ணா, ஒரு பிட்டை ஆன் பண்ண ஓஐ-ன்னு ஒரே லைன் போதுமே. எங்க சோர்ஸ்ல எதுக்கு அஞ்சு லைன்ல லூப் போட்டு வச்சிருக்காங்க?"

"மெஷினைப் பொறுத்துப்பா" என்றேன். அவனுக்கு அது போதவில்லை, போதவும் கூடாது. அந்த இரண்டு வார்த்தைக்குப் பின்னால் ஐம்பது அறுபது வருடக் கதை இருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஓஐ என்பது 'ஆர் இம்மீடியட்'. நினைவகத்தில் ஒரு பைட்டைக் காட்டி, அதில் எந்த பிட்டுகளை எரியவிட வேண்டும் என்று சொன்னால் எரியவிடும். ஒரு பைட்டில் 8 பிட். பிட் 1 என்றால் எரிகிறது, 0 என்றால் அணைந்திருக்கிறது. ஒவ்வொன்றும் ஒரு கொடி மாதிரி. ஃபைல் திறந்தாச்சு என்பதற்கு ஒரு பிட், பிழை வந்தது என்பதற்கு ஒரு பிட், வேலை முடிந்தது என்பதற்கு ஒரு பிட். 1964ல் ஐபிஎம்மின் சிஸ்டம்/360 மெயின்ஃப்ரேம் வந்த நாளிலிருந்து அசெம்பிளர் எழுதுகிறவர்கள் கொடிகளை இப்படித்தான் வைத்திருக்கிறார்கள். அணைக்க என்ஐ, புரட்டிப்போட எக்ஸ்ஐ.

நிரலில் அது ஒரு வரிதான். இயந்திரத்துக்கோ மூன்று வேலை: பைட்டை எடுக்க வேண்டும், பிட்டைச் சேர்க்க வேண்டும், திரும்ப வைக்க வேண்டும். ஒரே ஒரு பிராசஸர் இருக்கும் வரை இதில் ஆபத்து இல்லை. இன்டரப்ட் (ஓடும் வேலையை நிறுத்தி வேறொன்றைக் கவனிக்கச் சொல்லும் குறுக்கீடு) வந்தாலும் கட்டளை முடிந்த பிறகுதான் உள்ளே வரும். ஓஐயின் நடுவில் புகாது. இரண்டு பிராசஸர் ஒரே நினைவகத்தைப் பகிர்ந்துகொள்ளும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

முதல் பிராசஸர் பைட்டை எடுக்கிறது, எட்டும் சுழியம். அதே நேரத்தில் இரண்டாவதும் எடுக்கிறது. அதற்கும் எட்டும் சுழியமாகத்தான் தெரிகிறது. முதலாவது கடைசி பிட்டை எரியவிட்டு, 00000001 என்று எழுதிவிடுகிறது. இரண்டாவது முதல் பிட்டை எரியவிட்டு, 10000000 என்று அதன் மேலேயே எழுதுகிறது. வர வேண்டியது 10000001. வந்தது 10000000. முதலாவது வைத்த கொடி போயே போச்சு. இரண்டு பேரும் தங்கள் வேலையைச் சரியாகத்தான் செய்தார்கள். இரண்டு பேருக்கும் எந்தப் பிழைச் செய்தியும் வராது. ஐபிஎம்மின் 'பிரின்சிபிள்ஸ் ஆஃப் ஆபரேஷன்' கையேட்டின் பின்னிணைப்பில் இதே ஓஐயை வைத்தே இந்தத் தோல்வியை விளக்கியிருக்கிறார்கள். மெயின்ஃப்ரேம் அசெம்பிளர் தொடுகிற ஒவ்வொருவரும் அந்த இரண்டு மூன்று பக்கங்களையாவது படித்துவிட வேண்டும் என்பது என் ஆசை.

இதைத் தடுக்க 360லேயே ஒரு கட்டளை இருந்தது: டிஎஸ், அதாவது டெஸ்ட் அண்ட் செட். ஒரு பைட்டின் முதல் பிட் எரிகிறதா என்று பார்த்துச் சொல்லிக்கொண்டே, பைட் முழுவதையும் ஒன்றுகளால் நிரப்பிவிடும். பார்ப்பதற்கும் நிரப்புவதற்கும் நடுவில் வேறு எந்த பிராசஸரும் அந்த பைட்டைத் தொட முடியாது. ஒரு பூட்டுக்கு அது போதும். ஆனால் பூட்டை வைத்திருக்கும் வேலை பாதியில் நின்றுவிட்டால், மற்றவர்கள் எல்லாரும் வாசலில் நிற்க வேண்டியதுதான்.

அதற்கு அடுத்த பெரிய படி சிஸ்டம்/370ல் வந்த சிஎஸ், கம்பேர் அண்ட் ஸ்வாப். இதை உருவாக்கியவர் ஐபிஎம்மின் கேம்பிரிட்ஜ் அறிவியல் மையத்தில் இருந்த சார்லி சால்மன் என்றும், அவர் பெயரின் முதலெழுத்துகளான சி, ஏ, எஸ் வரும்படி தேடித்தான் 'கம்பேர் அண்ட் ஸ்வாப்' என்ற பெயரையே வைத்தார்கள் என்றும் அங்கே வேலை செய்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். பூட்டுவதற்கு டிஎஸ்ஸே போதுமே, இன்னொன்று எதற்கு என்று ஐபிஎம்முக்குள்ளேயே எதிர்ப்பு இருந்ததாம். சாதாரண நிரல்களுக்கும் இது உதவும் என்று காட்டத்தான் கையேட்டுப் பின்னிணைப்பில் அந்த உதாரணங்கள் எழுதப்பட்டன என்பது அவர்கள் சொல்லும் கதை. இன்று செல்போன் முதல் சர்வர் வரை எல்லா பிராசஸர்களிலும் இதே யோசனை ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது. அதன் ஊற்று இங்கேதான்.

சிஎஸ் செய்வதை எளிமையாகச் சொல்கிறேன். ரெஜிஸ்டர் என்பது பிராசஸருக்குள்ளேயே இருக்கும் சிறு சேமிப்பிடம். "இந்த இடத்தில் இருப்பது நான் கடைசியாகப் பார்த்த மதிப்பேதான் என்றால், இந்தப் புது மதிப்பை வை. இல்லையென்றால் எழுதாதே, இப்போது அங்கே என்ன இருக்கிறதோ அதை என் ரெஜிஸ்டரில் கொடு." ஒப்பிடுவதும் வைப்பதும் ஒரே மூச்சில் நடக்கும். இதோ தம்பி கேட்ட ஐந்து வரி: கொடி இருக்கும் நான்கு பைட்டை (இதை 'வார்த்தை' என்பார்கள்) ஒரு ரெஜிஸ்டரில் எடு, அதை இன்னொரு ரெஜிஸ்டருக்குப் பிரதி எடு, பிரதியில் பிட்டைச் சேர், சிஎஸ் போடு, தோற்றால் மறுபடி பிரதி எடுக்கும் வரிக்குப் போ. தோற்கும்போது சிஎஸ்ஸே புது மதிப்பைக் கொடுத்துவிடுவதால் முதல் வரிக்குத் திரும்ப வேண்டியதில்லை. இதில் யாரும் யாருக்காகவும் பூட்டை வைத்துக்கொண்டு காத்திருப்பதில்லை. ஒன்று மட்டும் கவனம்: அந்த வார்த்தை நான்கால் வகுபடும் முகவரியில் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஜீரோ-சி-சிக்ஸ் அபெண்ட், அதாவது நிரல் பாதியில் விழுந்துவிடும்.

ஒவ்வொன்றும் அடுத்ததன் முகவரியைக் காட்டும் ஒரு பட்டியலில், தலையை (முதலாவதை) மாற்றும்போது சிஎஸ்ஸும் ஏமாறும். காசிமேட்டில் காலி மீன் பெட்டிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே நீலப் பெட்டி, அதற்குக் கீழே சிவப்பு. "நீலத்தை நான் எடுத்துக்கொண்டால் மேலே சிவப்பு" என்று கணக்குப் போட்டுவிட்டு ஒரு நிமிடம் திரும்புகிறீர்கள். அதற்குள் வேறொருவர் நீலத்தையும் சிவப்பையும் எடுத்துக்கொண்டு போய், நீலத்தை மட்டும் கொண்டுவந்து வைத்துவிட்டார். நீங்கள் திரும்பிப் பார்த்தால் மேலே அதே நீலம். ஒன்றும் மாறவில்லை என்று நினைத்து அதை எடுத்துக்கொண்டு, மேலே இருப்பது சிவப்பு என்று சீட்டில் எழுதுகிறீர்கள். சிவப்போ யாரோ ஒருவர் கையில் மீனோடு இருக்கிறது. நினைவகத்தில் இது நடந்தால், ஒரே இடத்தை இரண்டு வேலைகள் தங்களுடையது என்று நினைத்து எழுதும். இதற்கு ஏபிஏ சிக்கல் என்று பெயர். முகவரியோடு ஒரு எண்ணிக்கையையும் சேர்த்து வைத்து, ஒவ்வொரு முறையும் எண்ணிக்கையை ஒன்று கூட்டி, இரண்டையும் சேர்த்து சிடிஎஸ் (சிஎஸ்ஸின் இரட்டை அளவு வடிவம்) கட்டளையால் ஒப்பிட வேண்டும். அப்போது நீலம் அதே நீலமாக இருந்தாலும் எண் மாறியிருக்கும். இசட்/ஓஎஸ் என்ற மெயின்ஃப்ரேம் இயக்க முறைமையில் இருப்பவர்கள் இதைச் சொந்தமாக எழுத அவசியமே இல்லை, சிபூல் என்ற ஆயத்த மேக்ரோ இருக்கிறது. நான் ஒருமுறை எழுதிப் பார்த்திருக்கிறேன். மறுபடி எழுத மாட்டேன்.

இங்கே ஒரு விஷயத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். 370ல் சிஎஸ்ஸும் சிடிஎஸ்ஸும் 'கண்டிஷனல் ஸ்வாப்பிங்' என்ற தனி வசதியாகத்தான் வந்தன. அந்த வசதி இருக்கிற மெஷினில் இருக்கும், இல்லாததில் இருக்காது. அப்படியென்றால் "மெஷினைப் பொறுத்து" என்பது இன்று நேற்று வந்த தொல்லை இல்லை, இந்தக் கட்டளைகள் பிறந்த நாளிலிருந்தே உடன் வருவது.

பிறகு பல வருடங்கள் சிஎஸ் லூப்தான் எல்லாருக்கும் வழி. 2010ல் இசட்196 என்ற மெயின்ஃப்ரேம் மாடல் வந்தபோது எல்ஏஏ குடும்பம் வந்தது: லோட் அண்ட் ஆட், லோட் அண்ட் ஆர் மாதிரியானவை. நினைவகத்தில் இருக்கும் எண்ணைக் கூட்டி வைத்துவிட்டு, பழைய எண்ணை உங்கள் கையில் கொடுக்கும். லூப்பே வேண்டாம். ஐபிஎம் இதற்கு 'இன்டர்லாக்டு ஆக்சஸ் ஃபெசிலிட்டி 1' என்று பெயர் வைத்தது. 2012ல் இசட்இசி12 வந்தபோது 'ஃபெசிலிட்டி 2'. அதில்தான் நம் பழைய ஓஐ, என்ஐ, எக்ஸ்ஐ மூன்றும் இன்டர்லாக் ஆயின. எடுப்பது, சேர்ப்பது, வைப்பது மூன்றும் ஒரே மூச்சில். கட்டளையின் பெயர் மாறவில்லை, குறியீடு மாறவில்லை, நிரலில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. அது கொடுக்கும் உறுதி மட்டும் மாறியது.

இன்டர்லாக் என்ற சொல்லை நான் முதலில் கேட்டது கம்ப்யூட்டரில் இல்லை. என் பெரியப்பா ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டர்; ஒற்றைத் தடத்துப் பாதைகளில் பல வருடம் இருந்துவிட்டு, ஓய்வுக்குப் பிறகு பெரம்பூரில் வந்து குடியேறியவர். ஒற்றைத் தடத்தில் எதிரெதிரே இரண்டு ரயில் வராமல் பார்த்துக்கொண்ட டோக்கன் கருவியைப் பற்றி மணிக்கணக்கில் சொல்வார். இந்த ஸ்டேஷனில் ஒரு பெட்டி, அடுத்த ஸ்டேஷனில் ஒரு பெட்டி. இரண்டும் மின்கம்பியால் பிணைந்தவை. ஒரு இரும்புக் குண்டு (அதுதான் டோக்கன்) வெளியே வந்துவிட்டால், அது ஏதாவது ஒரு பெட்டிக்குள் திரும்பப் போகும் வரை இரண்டிலிருந்தும் அடுத்த குண்டு வராது. குண்டு கையில் இல்லாமல் டிரைவர் வண்டியை எடுக்க மாட்டார். "ரெண்டு பேரும் மறந்தாலும் பெட்டி மறக்காது" என்பார். டிஎஸ் கட்டளை செய்வதும் இதைத்தான்.

கேட்டைப் பற்றியும் அவர் சொன்னதுண்டு. இன்டர்லாக் உள்ள கேட் என்றால், மூடிப் பூட்டினால்தான் சிக்னலே கொடுக்க முடியும். இன்டர்லாக் இல்லாத கேட்டும் உண்டு. அங்கே ஸ்டேஷன் மாஸ்டரும் கேட்காரரும் போனில் பேசி, அத்தாட்சிக்கு பிரைவேட் நம்பர் பரிமாறிக்கொண்டு, மனிதரின் சொல்லை நம்பி ரயிலை விடுவார்கள். ரோட்டில் நிற்கிற நமக்கு இரண்டு கேட்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். அடியில் பிணைப்பு இருக்கிறதா இல்லையா என்பது கேட்டைப் பார்த்தால் தெரியாது, அந்த ஸ்டேஷனின் விதிப்புத்தகத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

இசட்196க்கும் முந்தைய மாடலான இசட்10ல் ஓடும் ஓஐயும் இசட்இசி12ல் ஓடும் ஓஐயும் அந்த இரண்டு கேட் மாதிரி.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 2014ல் நான் வேலை செய்த ஒரு இடத்தில் தயாரிப்பு மெஷின் இசட்இசி12. பேரிடர் காலத்துக்கென்று வேறு ஊரில் வைத்திருந்த மாற்று மெஷின் இசட்10. இரண்டிலும் ஒரே இசட்/ஓஎஸ், ஒரே லோட் மாட்யூல்கள் (ஓடத் தயாரான நிரல்கள்). வார இறுதியில் ஒத்திகைக்காக எல்லாவற்றையும் மாற்று மெஷினில் ஏற்றினோம். முதல் நிமிடத்திலேயே ஒரு மாட்யூல் ஜீரோ-சி-ஒன்னில் விழுந்தது. உள்ளே எல்ஏஏ, இசட்10க்கு அந்தக் கட்டளையே தெரியாது. அசெம்பிளர் அதை எந்த முணுமுணுப்பும் இல்லாமல் ஏற்றுக்கொண்டிருந்தது, ஏனென்றால் ஆப்டேபிள் என்ற அமைப்பை நாங்கள் எதுவும் சொல்லாமல் விட்டிருந்தோம். அப்போது அதற்குத் தெரிந்த எல்லாக் கட்டளைகளையும் அனுமதிக்கும். டம்ப்பில் (விழுந்த நேரத்து நினைவகப் பதிவில்) முகவரி இருந்தது, கட்டளை இருந்தது, அரைமணி நேரத்தில் பழைய சிஎஸ் லூப்பைப் போட்டு ஓட்டிவிட்டோம்.

அன்று இரவு இன்னொரு வேலை நின்றது. விழவில்லை, நின்றது. எதற்கோ காத்துக்கொண்டே இருந்து, கடைசியில் காத்திருப்பு நேரம் கடந்து எஸ்522 வாங்கி வெளியே வந்தது. மறுபடி ஓட்டினால் ஒழுங்காக முடிந்தது. அதற்கடுத்த முறை மறுபடி நின்றது. டம்ப்பில் எல்லாமே சரியாக இருந்தது, ஒரு கொடியைத் தவிர. அந்தக் கொடியை வைக்கிற டாஸ்க் (மற்றவற்றோடு ஒரே நேரத்தில் ஓடும் தனி வேலை) தன் வேலையை முடித்துவிட்டது என்பதற்கு லாகில் சாட்சி இருந்தது. கொடி மட்டும் இல்லை. ஒரே பைட்டில் இரண்டு டாஸ்க்குகள் ஆளுக்கொரு பிட்டை ஓஐ போட்டு எரியவிட்டுக்கொண்டிருந்தன என்பதைக் கண்டுபிடிக்க மூன்று வாரம் ஆனது. எழுதியவர் இசட்இசி12 கையேட்டை ஒழுங்காகப் படித்துவிட்டு, இனி ஓஐயே போதும் என்று சிஎஸ் லூப்பை எடுத்திருந்தார். அவர் படித்தது சரி. ஓடிய மெஷின் வேறு.

எல்ஏஏ விழுந்ததற்கு நான் இன்றும் நன்றியோடு இருக்கிறேன். தெரியாத கட்டளையைப் பார்த்தால் பழைய மெஷின் "எனக்குத் தெரியாது" என்று உடனே சொல்லிவிடுகிறது. தெரிந்த கட்டளைக்குப் புது அர்த்தம் வந்திருந்தால் அது சொல்வதில்லை. பழைய அர்த்தத்தில் ஓட்டிவிட்டுப் போய்விடும். இதே வகையில் ஏஎஸ்ஐயும் உண்டு: நினைவகத்தில் இருக்கும் எண்ணோடு ஒரு சிறு எண்ணைக் கூட்டும் கட்டளை. இசட்10லேயே அது இருக்கிறது, நன்றாக ஓடும். ஆனால் ஒரே மூச்சில் செய்யும் என்ற உறுதி இசட்196ல்தான் வந்தது, அதுவும் அந்த எண் சரியான எல்லை முகவரியில் இருந்தால் மட்டும். எல்லை தவறியிருந்தால் எல்ஏஏ அபெண்ட் ஆகிவிடும். ஏஎஸ்ஐ வாய் திறக்காமல் கூட்டிவிட்டுப் போகும்.

சரி, இன்றைக்கு இது எவ்வளவு முக்கியம்? 2017ல் வந்த இசட்/ஓஎஸ் 2.3க்கே குறைந்தபட்சம் இசட்இசி12 வேண்டும். அதற்குப் பிறகு வந்த பதிப்புகள் ஓடும் இடத்தில் ஓஐயை நம்பலாம். ஆனாலும் நம்பிக்கை எல்லை தாண்டிவிடுகிறது. உறுதி வந்தது ஓஐ, என்ஐ, எக்ஸ்ஐ, அவற்றின் நீண்ட இடப்பெயர்ச்சி வடிவங்களுக்கு (இன்னும் தள்ளி இருக்கும் முகவரியைக் காட்டக்கூடியவை) மட்டும். இரண்டு பைட்டில் கொடி வைக்க வேண்டும் என்று ஓசி (பல பைட்டுகளில் ஒரே கட்டளையில் பிட் சேர்ப்பது) போட்டால் அதற்கு அந்த உறுதி இல்லை. அப்புறம், டிஎம் என்ற சோதிக்கும் கட்டளையைப் போட்டு "பிட் அணைந்திருக்கிறதா" என்று பார்த்துவிட்டு அடுத்த வரியில் ஓஐ போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தனித்தனியாக இரண்டும் சரி. நடுவில் இருக்கும் இடுக்கில் இன்னொரு பிராசஸர் நுழைந்துவிடும். ஓஐ முடிந்ததும் வரும் கண்டிஷன் கோடு, விளைவு சுழியமா இல்லையா என்றுதான் சொல்லும். பிட் முன்பே எரிந்திருந்ததா என்று சொல்லாது. அதனால் ஓஐயைப் பூட்டாகப் பயன்படுத்த முடியாது. பழைய மதிப்பு தேவையென்றால் லோட் அண்ட் ஆர், இல்லையென்றால் சிஎஸ்.

மெஷினிடமே கேட்டுவிடலாம் என்பதுதான் இதில் நல்ல செய்தி. எஸ்டிஎஃப்எல்இ என்ற கட்டளை, இந்த மெஷினில் என்னென்ன வசதிகள் உண்டு என்பதை ஒரு பிட் வரிசையாக எழுதிக்கொடுக்கும். சாதாரண நிரலும் போடலாம், சிறப்பு அதிகாரம் எதுவும் வேண்டாம். 45ஆம் பிட் எரிந்தால் ஃபெசிலிட்டி 1 உண்டு. 52ஆம் பிட் எரிந்தால் ஃபெசிலிட்டி 2 உண்டு. நிரல் தொடங்கும்போது ஒரு தடவை கேட்டு, புது வழியா பழைய வழியா என்று முடிவு செய்து வைத்துக்கொண்டால் போதும். மாடல் எண்ணைப் பார்த்து ஊகிக்கிற நிரல்களும் உண்டு. அதை நான் யாருக்கும் சொல்லித்தர மாட்டேன்.

புது வசதி என்பதாலேயே எப்போதும் இருக்கும் என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அதே இசட்இசி12ல் 'டிரான்சாக்ஷனல் எக்ஸிக்யூஷன்' வந்தது. டிபிகின், டெண்ட் இரண்டுக்கும் நடுவில் இருக்கும் கட்டளைகள் எல்லாம் ஒன்றாக நடக்கும், அல்லது எதுவுமே நடக்காது. அழகான யோசனை, நானே ஆசைப்பட்டு எழுதிப் பார்த்தேன். 2022ல் இசட்16 வந்தபோது, இனி வரப்போகும் ஒரு தலைமுறை மெஷினில் இது இருக்காது என்று ஐபிஎம் அறிவித்தது. 1964 நிரலைக்கூட இன்று ஓட்டிக்காட்டுகிற குடும்பத்தில் இது அரிது. டிபிகின் போட்டவர்களில், 73ஆம் பிட்டைப் பார்த்துவிட்டு மாற்று வழியையும் எழுதிவைத்தவர்களுக்கு அந்த அறிவிப்பால் வேலை எதுவும் வரவில்லை.

வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரே மூச்சு என்பது இலவசம் இல்லை. ஒரு பிராசஸர் இப்படி ஒரு பைட்டை மாற்ற வேண்டுமென்றால், அந்த பைட் இருக்கும் 256 பைட் கேஷ் லைன் (பிராசஸர் தன் அருகே பிரதி வைத்துக்கொள்ளும் நினைவகத் துண்டு) முழுவதும் அதன் கைக்கு வர வேண்டும். மற்ற பிராசஸர்கள் அதை விட்டுக்கொடுக்க வேண்டும். அடிக்கடி மாறும் இரண்டு கவுண்டர்களைப் (எண்ணிக்கைகளை) பக்கத்துப் பக்கத்தில் வைத்தால், அவற்றுக்கு ஒன்றோடு ஒன்று சம்பந்தமே இல்லாவிட்டாலும் பிராசஸர்கள் அந்த லைனுக்காக இழுத்துக்கொண்டே இருக்கும். தள்ளித்தள்ளி வையுங்கள்.

கேட் திறந்து மணலி பக்கம் போய்ச் சேரும்வரை இதில் பாதியைத்தான் தம்பிக்குச் சொல்ல முடிந்தது. மீதியை வீட்டில் உட்கார்ந்து, அந்த ஐந்து வரி லூப்பைத் தாளில் எழுதிச் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, "அப்போ அந்த லூப்பை எடுத்துட்டு ஓஐ போட்டுடலாமாண்ணா?" என்றான்.

"உங்க மாற்று மெஷின் எது?"

தெரியாது என்றான். திங்கட்கிழமை ஆபீஸ் போனதும் கேட்டுவிட்டு இரவு போன் செய்தான். இசட்13. இசட்இசி12க்குப் பிந்தையது, அதனால் எடுக்கலாம். எடுத்துவிட்டு, அந்த ஓஐக்கு மேலே ஒரு கமெண்ட் எழுதச் சொன்னேன்: "இந்த பைட்டை வேறு டாஸ்க்கும் தொடும். 52ஆம் பிட் இல்லாத மெஷினில் இதை ஓட்டாதே."